கடைசிப் பக்கம் உன்னிடமா?

காரைக்குடி

அன்புள்ள ஆர்ச்சி,

இங்கே எல்லாரும் நலம். ஐந்து மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை, தப்புத்தான். ஆத்தாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது, உன்னை விசாரித்தார்கள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

பெட்டி கிடைத்துவிட்டது!

எந்தப் பெட்டி என்று கேட்டால் உன்னோடு பேச்சே கிடையாது. கானாடுகாத்தானில் ஆயா வீட்டை, அதில் பங்குள்ள புள்ளிக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து போன மாதம் ஒதுங்க வைத்தோம். முனீஸ்வரன் கோவில் தெருவிலிருந்து வந்த பழஞ்சாமான்காரர், இரண்டாங்கட்டு மேல்மாடியில் கிடந்த ரங்கூன் பெட்டிக்கு விலை பேசி முடித்துவிட்டு, உள்ளே இருந்ததைத் தரையில் கொட்டினார். "இந்தப் பேப்பரெல்லாம் எனக்கு வேண்டாம், நீங்களே வச்சுக்கங்க" என்றார். கொட்டியது அத்தனையும் முத்து, லயன், ராணி காமிக்ஸ்! எண்ணிப் பார்த்தேன், 63. பின் துருப்பிடித்து, துருவைச் சுற்றிக் காகிதம் பழுத்துப்போய், தொட்டால் உதிர்கிறது. உள்அட்டையில் உன் கோணல் எழுத்து: "வாடகை 10 காசு. கிழித்தால் 1 ரூபாய்." அந்த வளவுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்டனூர் அண்ணன் இருந்திருந்தால் அன்றைக்கே உனக்குப் போன் போட்டு அழுதிருப்பார்.

அப்புறம் நடந்ததுதான் இந்தக் கடிதத்துக்குக் காரணம். தங்கச்சி மகளுக்குப் பத்து வயது. அவள் இரும்புக்கை மாயாவி ஒன்றை எடுத்துக்கொண்டு தூண் ஓரமாகப் போய் உட்கார்ந்தாள். இங்கிலீஷ் மீடியம், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். கொஞ்ச நேரத்தில் ஒரு குரல்: "மாமா, கை மட்டும் தெரியுது, ஆள் எங்கே?" நாம் முதன்முதலில் கேட்ட அதே கேள்வி! மின்சாரம் பாய்ந்ததும் உடம்பு மறைந்து இரும்புக்கை மட்டும் மிதக்கும் என்று சொல்லி முடிப்பதற்குள் அடுத்த பக்கம் போய்விட்டாள். சாப்பிடக் கூப்பிட்டால் வரவில்லை.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. இந்தப் புத்தகங்கள் நம் பிள்ளைகள் கைக்கு வரத்தான் போகின்றனவா, அல்லது நம்மோடு முடியப்போகின்றனவா?

1972-இல் சிவகாசியில் முத்து தொடங்கியது, 1984-இல் லயன் வந்தது. அடுத்த புத்தகம் எப்போது வரும் என்று தெரியாமல் நாம் கடை கடையாக அலைந்த வருடங்களும் இருந்தன. ராணி நின்றே போனது. அப்படியிருந்தும் 2012 ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்கு லயன் திரும்பி வந்தது என்றால், ஆசிரியர் விஜயனின் பிடிவாதம் பாதி, வாசகர்கள் முன்கூட்டிக் கட்டிய சந்தா பாதி. கடையில் தொங்கினால் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் இருந்திருந்தால் அச்சு எந்திரம் ஓடியிருக்குமா? லயனின் இரத்தப் படலம் கதையையே எடுத்துக்கொள். 2010-இல் 18 பாகமும் ஒரே குண்டுப் புத்தகமாகக் கறுப்பு வெள்ளையில் வந்தது. வண்ணத்தில் வேண்டும் என்று விடாமல் கேட்டார்கள், கேட்டவர்களே முன்பதிவும் செய்தார்கள், 2018-இல் வண்ணத்திலேயே வந்தது. கேட்பதும் காசு கட்டுவதும் ஒரே ஆளாக இருக்க வேண்டும், அதுதான் சங்கதி.

இதனால்தான் நீ போன தீபாவளிக்கு அனுப்பிய பிடிஎஃப்களை நான் திறக்கவே இல்லை. கோபித்துக்கொள்ளாதே. 40 புத்தகத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பிவிட்டு, "நம்ம காமிக்ஸ் அழியக்கூடாது மாப்ளே" என்று கீழே எழுதினாயே, அது எப்படிடா பொருந்தும்?

வெளிநாட்டிலும் இதே கதைதான். ஸ்டார் ட்ரெக் என்ற அமெரிக்க டிவி தொடரை நிறுத்தப்போகிறார்கள் என்றதும் பீஜோ ட்ரிம்பிள் என்ற அம்மாவும் அவர் கணவரும் நாடு முழுக்க ரசிகர்களைக் கடிதம் எழுத வைத்தார்கள். அச்சடித்த கடிதம் கூடாது, அவரவர் சொந்த வார்த்தையில் மரியாதையாக எழுத வேண்டும் என்பது ஏற்பாடு. 1968-இல் தொடர் நீடிக்கிறது என்று என்பிசி டிவியிலேயே அறிவிக்க வேண்டி வந்தது. 2007-இல் ஜெரிக்கோ என்ற தொடருக்காக ரசிகர்கள் சிபிஎஸ் டிவி அலுவலகத்துக்கு நிலக்கடலையாகவே அனுப்பினார்கள், கிட்டத்தட்ட 20 டன்! நிறுத்திய தொடருக்கு இன்னும் ஏழு பாகம் கிடைத்தது. ஆனால் உட்கார்ந்து பார்க்கப் போதுமான ஆள் வரவில்லை, மறுபடி நிறுத்திவிட்டார்கள். அந்தக் கடலைக் கதை என்னைத் தூங்க விடவில்லை. கூட்டம் சேர்ப்பது ஒரு மாத வேலை, வருஷா வருஷம் வந்து நிற்பதுதான் கஷ்டம்.

நம் ஊருக்கு இது தெரியாததா? 1939-இல் சா. கணேசன் இங்கே கம்பன் கழகம் தொடங்கினார். பங்குனி வந்தால் விழா, அத்தத்தன்று கம்பர் சமாதி இருக்கும் நாட்டரசன்கோட்டையில். நாள் மாறாது, நேரம் மாறாது. கோட்டையூர் ரோஜா முத்தையா தனி ஆளாகச் சேர்த்த புத்தகமும் நோட்டீசும் ஒரு லட்சம் இருக்கும் என்கிறார்கள், அவர் காலத்துக்குப் பிறகு சென்னையில் ஒரு நூலகமே ஆனது. இவர்கள் எல்லாம் ரசிகர்கள் இல்லாமல் வேறு யார்?

சரி, நான் செய்ததைச் சொல்கிறேன். செக்காலை ரோட்டில் நம் பழைய ஆட்களைக் கூட்டினேன். பதினோரு பேர் வந்தார்கள், சோடா பாட்டிலும் வந்தான்! எல்லாரும் சந்தா கட்டியாயிற்று. ஆளுக்கு இன்னொரு சந்தா, அதைத் தெரிந்த வீட்டுப் பிள்ளை பேரில் கட்ட வேண்டும் என்று ஒரு விதி போட்டேன், முனகிக்கொண்டே ஒத்துக்கொண்டார்கள். மாதத்தின் இரண்டாவது ஞாயிறு எங்கள் வீட்டு முகப்பில் பிள்ளைகள் வந்து படிக்கலாம். போன ஞாயிறு நான்கு பேர் வந்தார்கள். வந்திருந்த பெரியவர்களில் மிக இளையவனுக்கே 44 வயது ஆர்ச்சி, அதனால் அந்த நான்கு பேர் எனக்குப் பெரிய கூட்டம்.

உன் பங்குக்கு இரண்டு சந்தா, மறுப்பு சொல்லாதே. ஆகஸ்டில் லீவு கிடைத்தால் நேரே ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கு வந்துவிடு, வாசகர் சந்திப்புக்குச் சேர்ந்தே போவோம்.

இன்னொன்று, இது அவசரம். அவள் படித்த புத்தகத்தில் கடைசித் தாள் இல்லை. மாயாவி கதவைத் திறக்கிறான், அதோடு நிற்கிறது. தினமும் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் "அப்புறம் என்ன ஆச்சு மாமா?" என்று கேட்கிறாள். எனக்கு ஞாபகம் இல்லை. ஏழாம் வகுப்பில் நீ நோட்டுக்கு அட்டை போட ஒரு தாளைக் கிழித்தாயே, அதுவாக இருக்குமோ என்று சந்தேகம். உன் பழைய நோட்டுகளை உன் ஆத்தா எறிந்திருக்க மாட்டார்கள். தேடிப் பார்த்துச் சொல்.

உன்
ஸ்பைடர்