பிளெண்டருக்கு ஆட்-ஆன் எழுதுபவர்களுக்கு: உங்கள் பேனல் அளந்தது எந்த யானையை?

பிளெண்டர் என்ற முப்பரிமாண மாடலிங் மென்பொருளுக்கு ஆட்-ஆன், அதாவது துணை நிரல், எழுதும் நண்பர்களுக்கு வணக்கம்.

எனக்கு பைத்தான் அரைகுறைதான். உங்கள் ஆட்-ஆன்களை நம்பித்தான் சின்னதாக ஒரு ரெசின் 3டி பிரிண்டிங் தொழில் ஓட்டுகிறேன். அதில் பட்ட அடி ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஒரு யானைப் பொம்மை. உள்ளே குடையாமல் முழுசாக வேண்டும் என்று வாடிக்கையாளர் கேட்டிருந்தார். 'என்' விசையைத் தட்டினால் வருமே பக்கப் பட்டை, அதில் ஓர் ஆட்-ஆனின் பேனல் 40 கன சென்டிமீட்டர் என்றது. அதை வைத்து விலை சொல்லி, முன்பணமும் வாங்கிவிட்டேன். அப்புறம் மாடலை அச்சுக்கு அடுக்கடுக்காக வெட்டித் தரும் ஸ்லைசரில் ஏற்றிப் பார்த்தால், சப்போர்ட்டை (அச்சாகும்போது தாங்கும் கால்களை) சேர்க்காமலே 320 மில்லி ரெசின் கேட்கிறது.

எட்டு மடங்கு என்றதுமே உங்களுக்குப் புரிந்திருக்கும். யானையை நீளம், அகலம், உயரம் மூன்றிலும் இரண்டு மடங்கு பெரிதாக்கிவிட்டு, கன்ட்ரோல்-ஏ போட்டு அந்த ஸ்கேலை மாடலிலேயே பதியும்படி அப்ளை செய்யாமல் விட்டிருந்தேன். பேனல் அளந்தது பழைய குட்டி யானையை.

மறந்தது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதே பட்டையின் ஐட்டம் தாவலில் பிளெண்டர் காட்டிய நீள அகல உயரம் பெரிய யானையுடையது. பக்கத்துத் தாவலில் நீங்கள் காட்டிய கன அளவு குட்டி யானையுடையது. பார்க்கிறவனுக்கு அது எப்படித் தெரியும்?

காரணத்தைத் தோண்டிப் பார்த்தேன். ஆட்-ஆன்கள் அளக்க எடுக்கும் மெஷ் நகலான பிமெஷ்ஷின் கால்க்-வால்யூம் ஃபங்ஷன், மெஷ்ஷில் (உருவத்தின் புள்ளி-முக வலையில்) புள்ளிகள் எப்படிப் பதிவாகியிருக்கின்றனவோ அப்படியே எடுத்துக் கணக்குப் போடுகிறது. ஆப்ஜெக்டின் ஸ்கேல் அதற்குத் தெரியாது. அளப்பதற்கு முன் அந்த நகலை, ஆப்ஜெக்டின் ஸ்கேலை உள்ளடக்கிய மேட்ரிக்ஸ்-வேர்ல்டால் மாற்றினால் போதும், ஒரே வரி. மூல மெஷ்ஷைத் தொடாமல் மேலே வேலை செய்யும் மாடிஃபையர்களின் கதையும் இதேதான். சாலிடிஃபை போட்டு கனம் கொடுத்த ஓடு ஒன்றின் மூல மெஷ்ஷில் கனமே இருக்காது. அதை அளந்து வரும் எண்ணுக்கு அர்த்தமும் இருக்காது. இந்த மாற்றங்களைக் கணக்கிட்டுத் தரும் டெப்ஸ்கிராஃபிடம் கேட்டு, மாடிஃபையர்கள் வேலை செய்து முடித்த மெஷ்ஷை அளக்க வேண்டும்.

மூல மெஷ்ஷின் எண்ணே வேண்டும் என்பவர்களும் இருப்பார்கள். அவர்களுக்காக அதையும் காட்டுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் கேட்பது எண்ணுக்குப் பக்கத்தில் நாலு வார்த்தை: 'ஸ்கேல் சேர்ந்தது', 'மாடிஃபையர் சேராதது' என்று. ஸ்கேல் 1 என்று இல்லாவிட்டால் ஓர் எச்சரிக்கைக் குறி போடுங்கள். ஐந்து ஆப்ஜெக்டைத் தேர்ந்தெடுத்திருக்கும்போது ஆக்டிவாக இருக்கும் ஒன்றின் அளவை மட்டும் காட்டினால், அதன் பெயரையும் மேலே எழுதுங்கள். மெஷ்ஷில் ஓட்டை இருந்தால் கன அளவையே காட்டாதீர்கள்.

அலகையும் கவனியுங்கள். பிரிண்ட் செய்பவர்களில் பலர் யூனிட் ஸ்கேலை 0.001 (ஓர் அலகு ஒரு மில்லிமீட்டர்) என்று வைத்திருப்போம். நீளத்தை அதால் ஒரு முறை பெருக்கினால் சரி; கன அளவை மூன்று முறை பெருக்க வேண்டும்.

இன்னொன்று. இந்தக் கணக்கை எல்லாம் பேனலின் டிரா ஃபங்ஷனுக்குள் வைக்காதீர்கள். பட்டை மறுபடி வரையப்படும்போதெல்லாம் அது ஓடும். இருபது லட்சம் முகங்கள் உள்ள சிற்பம் என்றால் என் பழைய கணினி திணறிப்போகும். 'அளந்து காட்டு' என்று ஒரு பொத்தான் வைத்தால் போதும், நானே அழுத்திக்கொள்கிறேன்.

யானையைச் சொன்ன விலைக்கே செய்து கொடுத்துவிட்டேன். நல்ல வேளை, அவர் ஜோடியாகக் கேட்கவில்லை.

இப்படிக்கு,
ரெசின் வாசனையோடு ஒரு பயனர்