கண்ணைப் போட்டுக் கொண்டு வரச் சொன்னவர்களுக்கு

ஓவியக் கண்காட்சிக் குழுவின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

கண்காட்சி தொடங்கிய மறுநாளே நீங்கள் சுவரிலிருந்து இறக்கிய படத்தைப் பற்றி எழுதுகிறேன். எந்தப் படம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. முகம் முகமாக இல்லை என்றீர்கள். சிறுபிள்ளைகள் பார்த்தால் பயப்படும் என்றீர்கள். கண்ணை மட்டும் போட்டுக் கொண்டு வா, மறுபடி மாட்டிவிடலாம் என்றும் சொன்னீர்கள். இதையெல்லாம் என்னிடம் சொல்லியிருந்தால் நின்று பதில் சொல்லியிருப்பேன். கனவில் வருவதுபோல உருவங்களை மாற்றி வரைகிற சர்ரியலிச பாணியில் உருவப்படம் வரைகிறவளுக்கு இந்தப் பேச்சு புதிதில்லை. ஆனால் நீங்கள் சொன்னது அந்தப் படத்தை வரைந்த என் மாணவியிடம், பிளஸ் ஒன் படிக்கிற ஒரு பெண்ணிடம், அவள் தோழிகள் சுற்றி நிற்கும்போது.

என் கோரிக்கை ஒன்றுதான். அந்தப் படத்தை, ஒரு கோடுகூட மாற்றாமல், இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டுங்கள்.

படத்தில் இருப்பது அவளுடைய அம்மா. தூத்துக்குடி உப்பளத்தில் கூலி வேலை பார்க்கிறவர். உப்பளத்தை நீங்கள் எல்லோரும் ரோட்டிலிருந்து பார்த்திருப்பீர்கள். உள்ளே இறங்கி நிற்பது வேறு. விடிவதற்கு முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் முடிந்தவரை வாரிக் குவித்துவிட வேண்டும் என்றுதான் அந்த அவசரம். ஆனாலும் வெயில் ஏறிவிடும். மேலே சூரியன், கீழே, பாத்தித் தண்ணீரிலும் உப்பிலும் பட்டுத் திரும்பி முகத்தில் அடிக்கிற அதே சூரியன். வருடக்கணக்கில் கண் கூசும் அந்த வெளிச்சத்தில் நிற்பவர்களுக்குக் கண் எரிச்சலும் பார்வைக் கோளாறும் வருவது நம் பக்கத்தில் யாருக்கும் தெரியாத சங்கதி இல்லை. அந்த அம்மாவுக்கும் இருக்கிறது. மகள் என்ன செய்திருக்கிறாள் என்றால், கண் வர வேண்டிய இரண்டு இடத்திலும் பாத்தி கட்டியிருக்கிறாள். வரப்பு இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஓரத்தில் உப்பு பூத்திருக்கிறது. கண் இல்லை என்கிறீர்கள். அந்தக் கண்ணுக்கு என்ன ஆனது என்பதுதான் அங்கே இருக்கிறது.

கண் வரையத் தெரியாமல் அப்படிச் செய்துவிட்டாள் என்று உங்களில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தயவுசெய்து அதை மட்டும் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். போட்டோவில் கட்டம் போட்டுப் பெரிதாக்குவதை என் வகுப்பில் நான் விடுவதில்லை. எதிரே ஆளை உட்காரவைத்து, பென்சிலைக் கை நீட்டிப் பிடித்து அளந்து, கரித்துண்டில் மாதக்கணக்கில் பழக வேண்டும். தலை உயரத்தின் சரிபாதியில்தான் கண் வரும் என்பதைப் பெரியவர்கள்கூட முதலில் நம்பமாட்டார்கள். மேலே நெற்றியில் கொண்டுபோய் வைப்பார்கள். அதெல்லாம் கைக்கு வந்த பிறகுதான், இந்த முகத்தில் உங்களுக்கு மட்டும் தெரிவது எது என்று கேட்பேன். அந்தப் பெண்ணின் நோட்டு முழுக்க அவள் அம்மாவின் கண்கள்தான். தூங்கும் கண், வெளிச்சத்தில் இடுங்கிய கண், தண்ணீர் வடிகிற கண். கேன்வாஸுக்கு வந்தபோது, சிற்பி கண் திறப்பைக் கடைசிக்கு வைப்பதுபோல அவளும் வைத்துக்கொண்டாள். அப்புறம் ஒரு ஞாயிறு முழுவதும் வெள்ளையோடு மல்லுக்கட்டினாள். டைட்டானியம் வெள்ளையை அப்படியே பூசினால் உப்பு சுண்ணாம்பாகிவிடும். துளி நீலம், துளி காவி, விளிம்பில் மங்கலான இளஞ்சிவப்பு என்று கலந்து கலந்துதான் அந்த ஈர உப்பு வந்தது. அத்தனை கவனத்தைத்தான் தெரியாத்தனம் என்கிறீர்கள்.

அடுத்து நடந்தது உங்கள் காதுக்கு வந்ததா என்று தெரியவில்லை. சனிக்கிழமை அந்த அம்மா கண்காட்சிக்கு வந்தார். படத்தை அவர் அதுவரை பார்த்ததே இல்லை. காய்வதற்காக என் வகுப்பிலேயே வைத்திருந்தோம். வேலை முடிந்து, குளித்து, நல்ல சேலை கட்டிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். சுவரில் மகளின் பெயர்ச்சீட்டு இருந்தது. படம் இல்லை. என்னிடம் கேட்டது இதுதான்: “என் முகம்னால எடுத்துட்டாங்களா டீச்சர்?” நீங்கள் சொல்லியிருக்க வேண்டிய பதிலை நான் சொல்லிப் பார்த்தேன். அவர் சமாதானம் ஆகவில்லை.

முகம் என்றால் பார்த்தபடியேதான் இருக்க வேண்டும் என்ற விதியை எங்கிருந்து எடுத்தீர்கள்? தாராசுரம் கோயிலில் காளையும் யானையும் ஒரே தலையைப் பகிர்ந்துகொண்டு நிற்கின்றன. ஒரு பக்கம் கையால் மறைத்தால் காளை, மறுபக்கம் மறைத்தால் யானை. அதைப் பார்த்துப் பயந்து அழுத பிள்ளையை நான் கண்டதில்லை. மாறி மாறி மறைத்துப் பார்த்துச் சிரிக்கிற பிள்ளைகளைத்தான் கண்டிருக்கிறேன். சிங்க முகத்து நரசிம்மரைக் கும்பிட்டு வளர்ந்தவர்கள் நாம். திருவள்ளுவரை யார் பார்த்தார்கள்? ஓவியர் வேணுகோபால் சர்மா மனத்தில் கண்டு வரைந்த முகத்தைத்தான் 1964-இல் சட்டமன்றத்தில் திறந்து வைத்தார்கள். அதே 1964-இல் பெல்ஜியத்தில் சர்ரியலிச ஓவியர் ரெனே மக்ரித் தன்னையே வரைந்து, முகத்தின் நடுவில் ஒரு பச்சை ஆப்பிளை வைத்து மறைத்தார். ஆப்பிளை எடுத்துவிட்டுக் கொண்டு வாருங்கள் என்று சொல்லியிருந்தால் இன்று அந்தப் படமே இருந்திருக்காது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகள் அந்த வாரமே போனில் நடிகர் படத்தை எடுத்து வைத்துக்கொண்டு வரைய ஆரம்பித்துவிட்டார்கள். ஞாயிறு வகுப்புக்கு வரும் ஒரு நர்ஸ், நைட் டியூட்டி முடித்துத் தூங்காமல் வந்து வரைகிறவர், “என் படத்தையும் மாத்திடவா டீச்சர்?” என்று கேட்டார். பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே அரைப்பரீட்சை நெருங்கினால் டிராயிங் பீரியட் கணக்குப் பாடத்துக்குப் போய்விடுகிறது. ஓவிய ஆசிரியரே இல்லாத பள்ளிகளும் உண்டு. தெருவில் பார்ப்பதோ, சுருக்கமும் மச்சமும் அழித்து வெளுக்க வைத்த ஃபிளெக்ஸ் முகங்கள். அவற்றைப் பார்த்து, முகம் முகமாக இல்லை என்று யாரும் இறக்கச் சொன்னதில்லை. சொந்த அம்மாவை உண்மையாகப் பார்த்த ஒரு பிள்ளையின் படத்தைத்தான் இறக்கச் சொல்லத் தோன்றியிருக்கிறது. இதை நினைக்க நினைக்க எனக்கு ஆறவில்லை.

சரி, கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். உங்கள் அறிவிப்பில் வயதும் அளவும்தான் இருந்தன. எந்தப் பாணியில் வரைய வேண்டும் என்று ஒரு வரியும் இல்லை. எனவே விதியை மீறியது அவள் இல்லை. படத்தைத் திரும்ப மாட்டுங்கள். கண்ணைப் போடச் சொல்லாதீர்கள். சிறுபிள்ளைகளைப் பற்றிய கவலை உண்மையானால், நான் பக்கத்தில் நின்று வருகிற ஒவ்வொருவருக்கும் படத்தைப் பற்றிச் சொல்லத் தயார். அடுத்த வருடம் படங்களைத் தேர்வு செய்யும்போது உங்களோடு ஓர் ஓவியரையாவது உட்கார வையுங்கள்.

கண்காட்சி வருகிற ஞாயிறோடு முடிகிறது. அன்று காலை அந்த அம்மாவை நானே அழைத்து வருகிறேன். அதற்குள் படம் அதன் இடத்தில் இருக்க வேண்டும் என்று உங்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தப் பெண்ணின் ஓவிய ஆசிரியை