தம்பியின்ர செத்தவீட்டுக்கும், அதுக்குப் பிறகும் வந்த எல்லாருக்கும்

எல்லாருக்கும் வணக்கம். 31ஆம் நாள் அந்தியேட்டிக் கார்டில நன்றி நவிலல் எண்டு நாலு வரி அடிச்சுக் குடுத்தனாங்கள்தான், ஆனா அது அச்சகத்தில ஏற்கனவே இருக்கிற வசனம், பேரை மட்டும்தான் மாத்துறவை. அதால இதை நானே போனில அடிக்கிறன், எழுத்துப் பிழை இருந்தா குறை நினைக்காதேங்கோ.

என்ர மூத்தவன், வீட்டில தம்பி எண்டுதான் கூப்பிடுறது, 29 வயசு. வவுனியாவில வேலை, வெள்ளிக்கிழமையில வீட்ட வாறவன். போன ஆனியில ஏ9 றோட்டில விபத்து. இதுக்கு மேல அதைப்பற்றி எழுத ஏலாது.

முதல்ல அவன்ர கூட்டாளிப் பெடியளுக்கு. பெரியாஸ்பத்திரியில போஸ்ட்மோட்டம், திடீர் மரண விசாரணை, பொலிஸ் வாக்குமூலம் எண்டு இவர், தம்பியின்ர அப்பா, எங்க கையெழுத்து வைக்கிறதெண்டே விளங்காம நிக்க, நீங்கள்தான் பக்கத்தில நிண்டு ஒவ்வொண்டா வாசிச்சுக் காட்டினீங்கள். அது அண்டைக்கு எண்டா எவரும் செய்யலாம், ஆனா பேந்து மரண அத்தாட்சிப் பத்திரம், விதானையாரின்ர (கிராம அலுவலரின்ர) கடிதம், பாங்க் எக்கவுண்ட், வேலையில சேர்ந்த ஈபிஎப் சேமலாபக் காசு, மோட்டச்சைக்கிள் பேர் மாத்துறது எண்டு மாசக்கணக்கா இழுபட்டுது, ஒவ்வொரு கவுண்டரிலயும் பிள்ளை செத்துப்போனான் எண்டு புதுசாச் சொல்லவேணும், அதைச் சொல்ல விடாம முன்னுக்குப் போய் நீங்களே கதைச்சீங்கள் பாருங்கோ, அந்த உதவிக்கு என்ன பேர் சொல்லுறதெண்டு எனக்குத் தெரியேல்ல.

பக்கத்து வீட்டு அக்காவுக்கு. செத்தவீட்டில அடுப்பு மூட்டுறேல்ல எண்டபடியா எட்டாம் நாள் எட்டுச் செலவு மட்டும் ஊரே சாப்பாடு தரும், அது எங்கட வழமை. 31 முடிஞ்சு துடக்கும் கழிஞ்சாப் பிறகு ஒருத்தரும் வராயினம், அதுவும் வழமைதான், அவையவைக்கு வேலை இருக்கு. அக்கா அதுக்குப் பிறகும் இரவில இடியப்பமும் சொதியும் கொண்டந்து வச்சிட்டு, இவர் சாப்பிட்டு முடியுமட்டும் கதிரையில இருந்து தன்ர வீட்டு ஆட்டுக் கதையெல்லாம் கதைச்சுக்கொண்டிருப்பா.

கல்வெட்டு, அதுதான் செத்தவையைப்பற்றிப் பாட்டா அடிக்கிற நினைவுப் புத்தகம், எழுதித் தந்த வாத்தியாருக்கு. கல்வெட்டில வழமையா மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், பேரப்பிள்ளையள் புலம்பல் எண்டு வரும். கலியாணம் கட்டாத பிள்ளைக்கு என்னத்தைப் போடுறது? எங்களிட்ட எழுதி வச்ச பாட்டு இருக்கு, பெற்றோர் புலம்பல் எண்டு போட்டுவிடுவம் எண்டு ஒருத்தர் சொன்னவர். வாத்தியார் அதுக்கு ஒத்துவரேல்ல. வீட்ட வந்து, அவனுக்கு என்ன கறி விருப்பம், எந்த டீமுக்குக் கத்துவான், ஆரோட சண்டை பிடிப்பான் எண்டெல்லாம் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டு போனவர். அதைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். மற்றவை எல்லாம் எப்பிடிச் செத்தவன் எண்டுதான் கேட்டவை.

பின்வீட்டு அம்மாவுக்கு என்ன எழுதுறதெண்டு யோசிச்சு யோசிச்சுத்தான் இந்தக் கடிதம் இவ்வளவு பிந்தினது. அவான்ர மகன் 2009இல காணாமல் போனவர். 2017 மாசியில கிளிநொச்சியில காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளையளைத் தேடுற தாய்மாரின்ர போராட்டம் தொடங்கினதில இருந்து மகன்ர படத்தைத் தூக்கிக்கொண்டு போறவா. செத்தவீட்டில ஆரோ, நீயாவது பிள்ளையைக் கோம்பயன்மணலில கொண்டுபோய் எரிச்சனி, கீரிமலையில சாம்பல் கரைச்சனி, உவாவுக்கு அதுவும் இல்லை, மனதைத் தேற்று எண்டு எனக்கு ஆறுதல் சொல்ல வெளிக்கிட்டினம். நல்லதுக்குத்தான் சொன்னவை, ஆனா எனக்கு அதில ஆறுதலும் வரேல்ல, அவாவின்ர முகத்தைப் பாக்கவும் ஏலாமப் போச்சு. அந்த அம்மா தன்ர வாயால ஒருநாளும் அப்பிடி ஒரு கதை கதைச்சதில்லை. பின்னேரத்தில வருவா, குந்தில இருப்பா, தம்பியைப்பற்றி நான் கதைச்சா கேப்பா, பிறகு தன்ர மகனைப்பற்றிக் கதைப்பா. அவன் இருக்கிற மாதிரியே கதைப்பா. ரெண்டு பேரும் அழுவம், சிலநேரம் சிரிப்பம், ஒருக்காப் பெலத்துச் சிரிச்சுப்போட்டு ஆரும் கேட்டவையோ எண்டு வேலிப் பக்கம் பாத்தனாங்கள்.

இவர் நித்திரை இல்லாம, கதை இல்லாம போன நேரம் எங்கட டொக்டர் மருந்து மட்டும் எழுதாம மனநலக் கிளினிக்குக்கு அனுப்பினவர். விசர் எண்டு சனம் கதைக்கும் எண்டு இவர் முதல் மறுத்தவர், இப்ப தானாப் போறார். உங்களில ஆருக்கும் அந்தரமா இருந்தா மனநல உதவி இலக்கம் 1926க்கு எடுங்கோ, 24 மணித்தியாலமும் ஆக்கள் இருப்பினம், வெக்கப்படாதேங்கோ.

கனடாவில இருந்து வர ஏலாம, விடிய விடிய போனில எங்களைப் பாத்துக்கொண்டிருந்த மகளுக்கும் மருமகனுக்கும் நன்றி எண்டு சொன்னா அதுகள் கோவிக்கும், எண்டாலும் சொல்லுறன்.

ஆட்டைத்திவசம், அதுதான் முதலாம் வருசத் திவசம், வாற ஆனியில வீட்டில. கார்ட் அடிக்கேல்ல, இதையே அழைப்பா எடுத்து வாங்கோ. இன்னொண்டு, தம்பியோட நிண்டு எடுத்த போட்டோக்கள் கனபேரிட்ட இருக்கும், எனக்கு அனுப்பிவிடுங்கோ. மங்கலா இருந்தாலும் பறவாயில்லை, அரைமுகம் எண்டாலும் பறவாயில்லை, அவன் பியர்ப் போத்தலோட நிக்கிற படமெண்டாலும் பறவாயில்லை, நான் பேசமாட்டன்.

தம்பியின்ர அம்மா,
வண்ணார்பண்ணை