கனைவ்னா சதி மட்டும் இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க பேப்பர்ல மாணவர்களுக்கான இங்கிலீஷ் பகுதியில கனைவ் (connive)ங்கிற வினைச்சொல்லுக்கு "சதி செய்"னு ஒரே வரியில முடிச்சிட்டீங்க. தப்புன்னு சொல்ல வரல. கனைவிங்னு ஒருத்தரைச் சொன்னா நைசா பேசிக்கிட்டே உள்ளுக்குள்ள காய் நகர்த்துற ஆளுன்னுதான் இன்னிக்கு அர்த்தம், கூட்டு சேர்ந்து பண்ணா வித் (with) போட்டு எழுதுவாங்க. ஆனா அதே சொல்லுக்குப் பின்னாடி அட் (at) வந்துச்சுன்னா கதையே வேற, அந்த ஆள் எதையும் செய்யவே இல்ல, தப்பு நடக்குதுன்னு தெரிஞ்சும் கண்டும் காணாம இருந்துட்டாருன்னு அர்த்தம். பழைய அர்த்தமே இதுதான், லத்தீன்ல கண்ணை மூடிக்கிறதுக்குச் சொல்ற சொல்லுலேருந்து வந்தது, சதி அப்புறமா வந்து ஒட்டிக்கிட்டது.

இதென்ன பெரிய விஷயமான்னு கேப்பீங்க. நம்ம ஜனங்க இந்தச் சொல்லுல வந்து மாட்டிக்கிற இடம் கதைப்புத்தகம் இல்ல, வக்கீல் நோட்டீஸ். நான் வக்கீல் குமாஸ்தாவா இருந்தவன். செக் பவுன்ஸ்னா நெகோஷியபிள் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சட்டத்துல 138வது பிரிவுன்னு எல்லாருக்கும் தெரியும், கம்பெனி குடுத்த செக்கா இருந்தா கூடவே 141வது பிரிவும் வரும், அதோட ரெண்டாவது உட்பிரிவுல டைரக்டர், மேனேஜர், செக்ரட்டரி மாதிரி ஆளுங்களோட கன்சென்ட், கனைவன்ஸ், நெக்லெக்ட் மூணுல எதனால குற்றம் நடந்திருந்தாலும் அவங்களும் குற்றவாளிதான்னு போட்டிருக்கு. அதாவது சம்மதம், தெரிஞ்சும் விட்டது, அலட்சியம். மச்சான் கம்பெனியில பேருக்கு டைரக்டரா இருந்த ஒருத்தர் நோட்டீஸைத் தூக்கிட்டு வந்து "நான் என்னங்க சதி பண்ணேன், எனக்கு வியாபாரமே தெரியாதே"ன்னு குதிச்சாரு, யாரோ டிக்‌ஷனரி பாத்து சொல்லி அனுப்பியிருக்காங்க. அக்கவுன்ட்ல பணம் இல்லாமதான் செக் போகுதுன்னு தெரியுமான்னு வக்கீல் கேட்டாரு. "அது தெரியும் சார், மச்சான்கிட்ட போய் எப்படி கேக்கிறது"ன்னாரு. "அதைத்தான்யா எழுதியிருக்கான்"னு வக்கீல் சொன்னப்புறம்தான் மனுஷன் உக்காந்தாரு.

சதிக்குன்னு சட்டத்துல தனி இடமே இருக்கு, முன்னாடி ஐபிசி (இந்திய தண்டனைச் சட்டம்) 120ஏ, 2024 ஜூலை 1லேருந்து அதுக்குப் பதிலா வந்த பிஎன்எஸ் (பாரதிய நியாய சன்ஹிதா) 61. அதுக்கு குறைஞ்சது ரெண்டு பேர் பேசி ஒத்துக்கிட்டிருக்கணும். கண்டுக்காம இருக்கிறதுக்கு ஒரு ஆள் போதும், வாயைத் திறக்கவே வேண்டாம்.

1955 இந்து திருமணச் சட்டம் 23வது பிரிவையும் பாருங்க, துணை வேற ஒருத்தர்கூட உறவு வச்சிருக்காங்கன்னு விவாகரத்து கேட்டு வர்றவர் தானே அதை கனைவ் பண்ணியிருக்கக் கூடாதுன்னு இருக்கு. இங்க போய் சதின்னு படிச்சா, வெறுமனே தெரிஞ்சு விட்டுட்டு இருந்தவர் எனக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லன்னு நினைச்சுக்குவாரு. அடுத்தவர் பொண்டாட்டியோட உறவு வச்சுக்கிறதைக் குற்றம்னு சொன்ன ஐபிசி 497லயும் இதே சொல் இருந்துச்சு, புருஷன் சம்மதிச்சாலோ தெரிஞ்சு விட்டாலோ குற்றமே கிடையாதுன்னு, பொண்டாட்டியைக் கேக்கணும்னு யாருக்கும் தோணவே இல்ல பாருங்க! அதை 2018 செப்டம்பர் 27ல சுப்ரீம் கோர்ட் ரத்து பண்ணிடுச்சு, நல்லதாப் போச்சு.

உங்க செய்திப் பக்கத்துக்கும் இது உண்டு. மணல் கடத்தல் செய்தியில கனைவன்ஸ்னு வந்தா நீங்க கண்ணை மூடிக்கிட்டு "அதிகாரிகள் உடந்தை"ன்னு போடுறீங்க, உடந்தைன்னாலே பங்கு வாங்கிட்டாருன்னுதான் படிக்கிறவங்க நினைப்பாங்க. மாமூல் வாங்குனவரும், ராத்திரி லாரி போறதைப் பாத்துட்டு ஜன்னலைச் சாத்திக்கிட்டவரும் ஒண்ணா? ரெண்டு பேர் மேலயும் நடவடிக்கை எடுக்கட்டும், ஆனா யார் என்ன பண்ணாருன்னு பிரிச்சு எழுதுங்க.

அடுத்த தடவை அந்தப் பகுதியில அட் போட்டு ஒரு வாக்கியம், வித் போட்டு ஒரு வாக்கியம் குடுத்தா பசங்களுக்குப் புரியும். அப்புறம் உச்சரிப்பு போட்ட இடத்துல "கனிவ்"னு அச்சாகியிருக்கு சார், அதை முதல்ல மாத்துங்க, நம்ம பசங்க கனிவா நடந்துக்கிறதுன்னு படிச்சு வைக்கப் போறாங்க.

இப்படிக்கு,
ரொம்ப வருஷமா உங்க பேப்பர் வாங்குற வாசகன்,
கும்பகோணம்