கதிருக்கு, தென்காசியிலிருந்து அம்மா

அன்புள்ள கதிர்,

இங்கே எல்லாரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. சித்தி வீட்டுக் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. மிச்சத்தைப் போனில் சொல்கிறேன், நீ எடுத்தால்.

எழுத உட்கார்ந்தது நீயும் மீனாவும் ஸ்டார் வார்ஸ் படத்தில் வருகிற மாதிரி செய்து போட்டுக்கொள்கிறீர்களே, அந்த உடுப்பு விஷயமாகத்தான். போன தடவை நீ வீடியோவில் பேசியபோது உன் வெள்ளைச் சிப்பாய்க் கவசம் எப்போதும்போல பின்னால் நின்றுகொண்டிருந்தது. பக்கத்தில் மீனாவின் காவி நிறத் தலைக்கவசம் இருக்குமே, அந்த இடம் காலியாக இருந்தது. மீனா எங்கே என்றேன். வேலைக்குப் போயிருக்கிறாள் என்றாய். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. சரி, உங்கள் ஊரில் எப்படியோ.

இந்த ஸ்டார் வார்ஸ் சங்கதியெல்லாம் நீ சொல்லிக் கேட்டதுதான். 1977 படத்துக்கு உடை வடிவமைத்த ஜான் மோலோ ஆஸ்கர் வாங்க மேடையேறி, இது துணி வேலையைவிடக் குழாய் வேலை, கார் ரிப்பேர் வேலை என்கிற மாதிரி பேசினாராமே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. அவர் நிஜப் பட்டாளத்துச் சீருடைகளைப் படித்துப் புத்தகம் எழுதின ஆள் என்றாய். அதனால்தான் அந்தக் கற்பனைச் சிப்பாய்களைப் பார்த்தால் எங்கோ நிஜமாகவே இருக்கிறவர்கள் மாதிரி தெரிகிறது.

எல்லாம் படத்தில் இருந்தபடியே இருக்க வேண்டும் என்கிற உன் பிடிவாதம் எனக்குப் புரியாமல் இல்லை. அந்தப் படத்து வில்லன் டார்த் வேடரின் முகமூடியைப் பிரையன் ம்யூர் களிமண்ணில் கையால் செய்தார், அதனால் இடதும் வலதும் ஒன்றாக இருக்காது, இன்றைக்குக் கம்ப்யூட்டரில் இரண்டு பக்கத்தையும் சமமாக்கிச் செய்தால் அது வேடரே இல்லை என்று சொன்னாய். முதல் படத்தில் அந்தத் தலைக்கவசம் முழுக் கறுப்பு கிடையாது, இடையிடையே சாம்பல் ஓடும் என்றும் காட்டினாய். சிப்பாய்களில் கேமராவுக்குக் கிட்டே வருகிறவனுக்குத் தலைக்கவசக் கண்ணாடி குமிழாக இருக்கும், கூட்டத்தில் ஓடுகிறவனுக்குத் தட்டையாக இருக்கும். ஒருவர் கைபட்ட கோணலைக்கூட மாற்றாமல் எடுப்பது மரியாதைதான். எங்கள் தையல் தொழிலில் அளவு ஜாக்கெட் கொண்டுவருகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு கை கால் இஞ்ச் இறங்கியிருக்கே, சரி பண்ணட்டுமா என்று கேட்டால், வேண்டாம்மா, இது பழகிப்போச்சு, இப்படியே தையுங்கள் என்பார்கள். நானும் அப்படியே தைத்துக் கொடுப்பேன். ஆனால் ஆளே எதிரில் வந்து நிற்கும்போது அளவு ஜாக்கெட்டைத் தேட மாட்டேன். டேப்பைத்தான் எடுப்பேன்.

இப்படி உடுப்பு செய்கிறவர்கள் சேர்ந்திருக்கிற உன் சங்கத்தில் எந்தத் தகடு எதன்மேல் ஏற வேண்டும், சாம்பல் கோட்டைக் கையால் எப்படித் தீட்ட வேண்டும் என்பதுவரை விதி எழுதி வைத்திருக்கிறார்கள். நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்பி, அவர்கள் பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் உறுப்பினர் நம்பர். உனக்கு நம்பர் வந்த அன்று அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். நீ குழந்தைகள் ஆஸ்பத்திரியில் போய் நின்ற போட்டோ இன்னும் கடையில் இருக்கிறது. ஜாக்கெட் கொடுக்க வருகிறவர்கள் இது என்ன பொம்மை என்று கேட்டால், பொம்மை இல்லை, என் மகன் என்பேன்.

அவ்வளவு பெருமைப்பட்டவள்தான் இதையும் சொல்கிறேன். அந்தச் சிப்பாய்க் கவசம் ஒல்லியான ஆட்களுக்குச் செய்தது. உனக்கு விலாவில் சேரவில்லை. ஏபிஎஸ் பிளாஸ்டிக் பட்டை வெட்டி இடையில் வைத்து, மிச்சத் துண்டுகளை அசிட்டோனில் கரைத்து மாவாக்கிப் பூசி, தேய்த்து மறைத்தாய். அது படத்தில் இருந்ததா? உன் உடம்புக்காக நீ செய்தாய். சங்கமும் ஒன்றும் சொல்லவில்லை. உனக்கு ஒரு நியாயம், அவளுக்கு ஒன்றா?

மீனா ஒன்றும் மனம்போனபடி செய்யவில்லையே. அவள் சேரப் பார்த்தது 2007இல் தொடங்கின மண்டலோரியன் சங்கம், ஸ்டார் வார்ஸில் வருகிற கவசம் போட்ட போர்வீரர்கள் மாதிரி உடுப்பு செய்கிறவர்களுடையது. அங்கே சொந்த வடிவம் செய்யலாம், ஆனால் அதற்கும் விதி உண்டு, இன்னின்ன பாகம் இருந்தே ஆக வேண்டும் என்று அவள்தான் எனக்கு விளக்கினாள். படத்தில் இருப்பதைச் செய்கிறவனுக்குச் சந்தேகம் வந்தால் படத்தை நிறுத்திப் பார்க்கலாம். இவளுக்கு எதைப் பார்த்துச் சரி செய்வது? ஒவ்வொன்றுக்கும் தானே காரணம் கண்டுபிடிக்க வேண்டும். இந்தத் தோளில் ஏன் கீறல், துப்பாக்கி எந்தக் கையில், அந்தப் பக்கம் ஏன் பெயிண்ட் அதிகம் தேய்ந்திருக்கிறது என்று யோசித்து யோசித்துச் செய்தாள். அடியில் வெள்ளி அடித்து, அங்கங்கே பற்பசை தொட்டு வைத்து, மேலே காவி அடித்து, காய்ந்ததும் பற்பசையைத் துடைத்தால் பெயிண்ட் உரிந்த இரும்பு மாதிரியே இருந்தது. நான் ஓரம் அடித்து அனுப்பின புதுத் துணியை உப்புத்தாளால் தேய்த்தாள் என்று கேட்டபோது மட்டும் வயிறு எரிந்தது. அது வேறு.

அந்தத் துணிதான் உனக்குப் பிரச்சினை என்று தெரியும். மதுரைக்காரி, சுங்குடிப் புள்ளி போட்ட அரக்குத் துணியைத் தோளில் போட்டுக்கொள்ள ஆசைப்பட்டாள். நீ போனில் நான் கேட்கும்படியே, அந்த உலகத்தில் சுங்குடி ஏது என்றாய். அவள் பதில் பேசவில்லை. அப்புறம் அந்தத் துணியைப் பற்றி யாருமே என்னிடம் பேசவில்லை.

உன் சங்கத்தை 1997இல் தொடங்கின ஆல்பின் ஜான்சன் கதையை நீதானே எனக்குச் சொன்னாய்? அவர் மகள் கேட்டிக்கு மூளையில் கட்டி. தூங்கும்போது காவலுக்குப் படத்தில் வருகிற ஆர்2 என்கிற குட்டி ரோபோ மாதிரி ஒன்று வேண்டும் என்று அந்தக் குழந்தை கேட்டாள். ரோபோ செய்கிறவர்கள் சேர்ந்து அவளுக்காக இளஞ்சிவப்பில் ஒன்று செய்தார்கள். ஆர்2-கேடி என்று அவள் பெயரையே வைத்தார்கள். 2005இல் அவள் போய்விட்டாள். அப்போது எந்தப் படத்திலும் அப்படி ஒரு இளஞ்சிவப்பு ரோபோ கிடையாது. பிறகு கார்ட்டூனில் வந்தது, 2015இல் வந்த படத்திலும் நின்றது. இதைச் சொல்லும்போது உனக்குக் குரல் கம்மியது. ஒரு நூல் பிசகினாலும் ஒப்புக்கொள்ளாத உன் சங்கத்துக்காரர்கள் அந்த இளஞ்சிவப்பைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள் என்று நீதான் சொன்னாய்.

நான் மீனா பக்கம் பேசுகிறேன் என்று நினைக்காதே. பேசுகிறேன்தான், ஆனால் உனக்காகவும் பேசுகிறேன். நீ சின்ன வயசிலிருந்தே இப்படித்தான், எல்லாம் அச்சு மாறாமல் இருக்க வேண்டும். அதனால்தான் நல்ல வேலையில் இருக்கிறாய், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கூட இருக்கிறவள் ஒரு பொருளைச் செய்து காட்டினால், முதலில் நன்றாக இருக்கிறது என்று சொல்ல வேண்டும். தப்பு இருந்தால் அப்புறம் சொல்லலாம். முதலில் நன்றாக இருக்கிறது என்று சொல். அப்பா இங்கே படித்துவிட்டு, இதையெல்லாம் ஏன் எழுதுகிறாய், பெரிய பையன் என்கிறார். பெரிய பையன்தான்.

வேறொன்றும் இல்லை. சின்னாளபட்டியிலிருந்து அரக்குச் சுங்குடி ஒன்று வரவழைத்திருக்கிறேன், முன்னதைவிடக் கனம். புள்ளி கரையோரமாக வருகிற மாதிரி வெட்டப் போகிறேன். தோள் தகட்டுக்கு அடியில் சுருங்காமல் இருக்கக் கேன்வாஸ் வைத்துத் தைப்பேன். அதற்கு அளவு வேண்டும். பழைய துணியை அளந்து அனுப்பாதே, அது பிசகும். கவசத்தைப் போட்டுக்கொண்டு அவள் நிற்க வேண்டும், டேப் வைத்து நீ எடுக்க வேண்டும். தோள் முனையிலிருந்து முனைவரை, கழுத்துச் சுற்று, பின்கழுத்திலிருந்து முழங்கால் மடக்குவரை நீளம். எடுத்ததை நீ எழுதி அனுப்ப வேண்டாம். மீனாவையே போன் பண்ணிச் சொல்லச் சொல். இஞ்சா சென்டிமீட்டரா என்பதையும் மறக்காமல் சொல்லச் சொல்.

அன்புடன்,
அம்மா