இரண்டு மாத்திரைகளும் ஒரு சந்தேகமும்

அன்பு நண்பர் சுந்தரத்துக்கு,

வணக்கம். கடிதமும் அதனுடன் வைத்திருந்த ரத்தப் பரிசோதனை அறிக்கையும் கிடைத்தன. 'கெட்ட கொழுப்பு' எனப்படும் எல்.டி.எல். 162, ரத்த அழுத்தம் 150/90 என்றிருக்கிறது. கொழுப்பு இறங்கினால் பிரஷரும் தானாக இறங்கிவிடும், பிறகு ஒரு மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எழுதியிருக்கிறீர்கள். வங்கியில் கணக்குப் பார்த்தே ஓய்வுபெற்ற உங்களிடம் சொல்லத் தயக்கமாக இருந்தாலும், இந்தக் கணக்கு இடிக்கிறது.

இதயம் தள்ளும் ரத்தத்தின் அளவு, நுண்ணிய தமனிகளின் (இதயத்திலிருந்து ரத்தத்தைக் கொண்டுசெல்லும் குழாய்களின்) இறுக்கம், சிறுநீரகம் உப்பைக் கையாளும் விதம் ஆகியவையே அழுத்தத்தைப் பெரும்பாலும் தீர்மானிக்கின்றன. மிகுந்த கொழுப்பு, தமனியின் உட்சுவர் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடைக் குறைத்து, குழாய் தளரும் தன்மையைக் கெடுப்பது உண்மைதான். ஆனால் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையால் பிரஷர் இறங்குவது சராசரியாக ஓரிரு புள்ளிகளே. தொப்பையும் இன்சுலின் எதிர்ப்பும் (உடல் இன்சுலினுக்குச் சரியாகச் செவிசாய்க்காத நிலை) டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகை ரத்தக் கொழுப்பையும் பிரஷரையும் சேர்த்தே ஏற்றுவதால்தான், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறப்பதுபோல நமக்குத் தோன்றுகிறது.

கொழுப்பும் பிரஷரும் கைகோக்கும் இடம் தமனியின் சுவர். கொழுப்பு மிகுந்த அதே ரத்தம், இதயத்துக்குத் திரும்பும் குழாய்களான சிரைகளிலும் ஓடுகிறது. ஆயினும் அழுத்தம் குறைந்த சிரைகளில் கொழுப்பு படிவதில்லை. பைபாஸ் அறுவையில் காலிலிருந்து எடுத்த சிரையை இதயத் தமனியோடு இணைக்கிறார்கள் அல்லவா? காலில் இருந்தவரை சுத்தமாக இருந்த அந்தச் சிரையிலேயே, தமனியின் அழுத்தத்தைத் தாங்கத் தொடங்கிய சில ஆண்டுகளில் கொழுப்பு படிகிறது. எனக்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

2003இல் வெளிவந்த அஸ்காட் என்ற மருந்து ஆய்வையும் சொல்ல வேண்டும். பிரஷருக்கு மருந்து எடுத்துவந்த, கொழுப்பு அப்படியொன்றும் மிகையாக இல்லாத 10,305 பேரில் பாதிப் பேருக்கு அடோர்வாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டின் மாத்திரையை 10 மி.கி. அளவில் கொடுத்தார்கள். மாரடைப்பும் இதயநோய் மரணமும் 36 சதவீதம் குறைந்ததால், ஐந்தாண்டுக்குத் திட்டமிட்டிருந்த, ஆய்வின் அந்தக் கொழுப்பு மாத்திரைப் பகுதியை இடையிலேயே நிறுத்திவிட்டார்கள். ஆகவே இரண்டு மாத்திரைகளுக்கும் தனித்தனி வேலை இருக்கிறது.

நீர் பிரிக்கும் வகை பிரஷர் மாத்திரை கொழுப்பைச் சற்றே ஏற்றக்கூடும்; அதற்காக நீங்களாக அதை நிறுத்திவிடாதீர்கள். ஊறுகாயையும் அப்பளத்தையும் குறைப்பது பிரஷருக்கு உதவும், எல்.டி.எல்.லுக்கு அல்ல. மாலை நடையோ எடையையும் டிரைகிளிசரைடையும் பிரஷரையும் சேர்த்தே கவனித்துக்கொள்ளும். அடுத்த முறை மருத்துவரிடம் இரண்டு மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் சென்று காட்டி, அவர் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
கோவிந்தராஜன்