எதிரெதிர்க் கருத்தோடு வந்து சேர்ந்து உட்கார்ந்தவர்களுக்கு நன்றி

அன்புடையீர், வணக்கம்.

தோல் தொழிலை நம்பிப் பிழைப்பவர்களும், அந்தத் தொழிலின் கழிவால் கிணறு கெட்டுப்போனவர்களும் பேரணாம்பட்டில் ஒரே கூடத்தில் உட்கார்ந்து பேசி முடித்திருக்கிறோம். இது நடக்கக் காரணமானவர்களுக்கு ஏற்பாட்டுக் குழுவின் சார்பில் இந்த மடலை எழுதுகிறேன். யார் பெயரையும் வெளியே சொல்வதில்லை என்று கூட்டத்தில் முடிவானது. அவரவர் செய்த வேலையை வைத்து அவரவரைத் தெரிந்துகொள்ளுங்கள்.

நம் பகுதியின் வழக்கு நாடறிந்தது. தோல் தொழிற்சாலைக் கழிவுக்கு எதிராக வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991ல் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதிசெய்தது. தோல் தொழில் நடக்கும் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பாதியாகவோ பாழானதாக அதில் பதிவாகியிருக்கிறது. 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் தீர்ப்பு வந்தது. பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரவும், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவானது.

நீதிமன்றம் தன் வேலையைச் செய்தது. நாம் பேசிக்கொள்வதுதான் பாக்கி இருந்தது. ஊராட்சியில் இருப்பவருக்குக் கிராம சபை உண்டு, நகராட்சியில் இருப்பவருக்குப் பகுதி சபை உண்டு. ஆனால் டவுனில் புறப்படும் கழிவுநீர் ஊராட்சிக் கிணற்றில் போய்ச் சேருகிறது. தொழிலாளி ஒரு சபையிலும் விவசாயி இன்னொரு சபையிலும் உட்கார்ந்து, எதிரில் இல்லாத ஆளைக் குறைசொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். இரண்டு பேரும் சேர்ந்து உட்கார ஓர் இடம் வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

யாரைக் கூப்பிடுவது என்பதில்தான் முதல் சிக்கல். கூப்பிட்டால் சங்கத் தலைவர்களும் கட்சிக்காரர்களும் மட்டுமே வருவார்கள் என்று பயந்தோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஐயா ஒருவர்தான் குடவோலையை நினைவுபடுத்தினார். பராந்தகச் சோழன் காலத்தில், 919லும் 921லும், உத்திரமேரூரில் வெட்டிய கல்வெட்டு காஞ்சிபுரம் பக்கத்துச் சங்கதிதானே. அங்கே வரி கட்டும் நிலம் வைத்திருந்தவர் பெயரைத்தான் குடத்தில் போட்டார்கள். நாம் போட்டது எல்லார் பெயரையும்: தோல் பதனிடும் டேனரித் தொழிலாளர், ஷூ கம்பெனிப் பெண்கள், பீடி சுற்றுபவர்கள், தென்னந்தோப்பு வைத்திருப்பவர்கள், சிறு முதலாளிகள். தரப்புக்கு ஒரு குடம். சீட்டெடுத்துக் கொடுத்த பள்ளிக் குழந்தைகளுக்கும், பெயர் வந்தவர்களின் வீடு வீடாகப் போய் அழைத்த தம்பிகளுக்கும் நன்றி.

உருதுவிலும் தமிழிலும் மாற்றி மாற்றிச் சொன்ன டீச்சர் ஆபாவுக்கு (உருதுவில் அக்கா) எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. முதல் நாள் காலையில் ஷூ கம்பெனியில் வேலை செய்யும் பெண்கள் வாயே திறக்கவில்லை. கடைத்தெருவில் நன்றாகத் தமிழ் பேசுகிறவர்கள்தான். ஆனால் மனசில் உள்ளதைச் சபையில் சொல்ல வீட்டு மொழி வேண்டியிருந்தது. ஆபா அவர்கள் நடுவில் போய் உட்கார்ந்தார். அதன்பிறகு ஒரு பெண் சொன்னது எங்கள் எல்லாரையும் அசைத்துவிட்டது. வேலை போய்விடும் என்ற பயத்தில் தண்ணீரைப் பற்றிப் பேசுவதில்லை, ஆனால் குடத்துக்குக் காசு கொடுத்துத் தண்ணீர் வாங்குவது நாங்களும்தான் என்றார். எதிர் வரிசையில் இருந்த விவசாயி அண்ணன், “எங்க கெணத்துலயும் தண்ணி கீதும்மா, வாயில வெக்க முடியல” என்றார். கோபம் குறைந்து பேச்சு தொடங்கியது அங்கேதான். ஆபா ஒரு வார்த்தையைக்கூடக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. கடுமையான பேச்சைக் கடுமையாகவே கொண்டுபோய்ச் சேர்த்தார். அந்த நேர்மைதான் இரண்டு பக்கமும் அவரை நம்பவைத்தது.

நேரம் பார்த்துக்கொண்ட வக்கீல் அம்மா வைத்த விதி ஒன்று: பதில் சொல்லும் முன் எதிராளி சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டும், ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்று அவர் ஒப்புக்கொள்ள வேண்டும். எரிச்சலூட்டிய விதிதான். ஆனால் கூட்டத்தைக் காப்பாற்றியதும் அதுதான்.

அவரவர் வீட்டுத் தண்ணீரைப் பாட்டிலில் கொண்டுவரச் சொன்னதும், கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்து எல்லார் எதிரிலும் அளந்து காட்டியதும் ஓய்வுபெற்ற பொறியாளர் ஐயா. குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை என்பதை முதலில் விளக்கினார். பச்சைத் தோலைக் கெடாமல் வைக்கப் போடும் உப்பு, ஊறவைக்கும் தண்ணீரில் கரைந்து என்ன ஆகிறது, சுத்திகரிப்பு நிலையத்தில் நீரைப் பிரித்தெடுத்த பிறகு அந்த உப்பு எங்கே குவிகிறது என்பதையும் யார் மீதும் பழி போடாமல் சொன்னார். தோல் பதனிடப் போடும் குரோமியத்தை இந்த மீட்டர் காட்டாது, அதற்கு ஆய்வகம் போக வேண்டும் என்று அவர் எச்சரித்ததும் முக்கியம். மீட்டரை மட்டும் பார்த்து நிம்மதியடைந்துவிடக் கூடாது.

சிறு டேனரி நடத்தும் பாய் ஒருவர் கடைசிவரை எங்களோடு இருந்தார். தன் தரப்புக்காரர்களே வேண்டாம் என்று தடுத்தும் வந்தார். சுத்திகரிப்புச் செலவு எவ்வளவு, ஆர்டர் குறைந்தால் என்ன ஆகும் என்பதையெல்லாம் கணக்கோடு வைத்தார். அவர் வராதிருந்தால் அது ஒருதலைக் கூட்டமாகத்தான் போயிருக்கும். அவருக்கு எங்கள் தனி வணக்கம்.

கூடத்தை வாடகையில்லாமல் கொடுத்தவர், குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட கல்லூரி மாணவிகள், குஸ்காவும் கத்திரிக்காயும் சமைத்துப் போட்டவர்கள் எல்லாருக்கும் நன்றி.

எல்லாவற்றிலும் ஒத்துப்போகவில்லை. இழப்பீட்டுக்கு யாரைப் பாதிக்கப்பட்டவராகக் கணக்கில் எடுப்பது, புதிதாக டேனரிகளை விரிவாக்கலாமா என்ற இரண்டிலும் கருத்து வேறுபாடு அப்படியே இருக்கிறது; அப்படியே எழுதியும் வைத்திருக்கிறோம். மூன்று விஷயங்களில் எல்லாரும் ஒன்றாகக் கை தூக்கினார்கள். மழைக்கு முன் உப்புக் குவியலுக்குக் கூரை போட வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தின் அளவீடுகளைத் தமிழிலும் உருதுவிலும் மாதாமாதம் பலகையில் எழுத வேண்டும். மழைக்கு முன்னும் பின்னும் கிணறுகளைச் சோதிக்க வேண்டும்.

இந்த மூன்றையும் அடுத்த கிராம சபையிலும் பகுதி சபையிலும் ஒரே வாசகத்தில் தீர்மானமாக வைக்கப்போகிறோம். அச்சடித்த படி கூடத்து வாட்ச்மேனிடம் இருக்கிறது. உங்கள் வார்டிலோ ஊரிலோ எழுந்து அதை வாசிக்கச் சம்மதிப்பவர்கள் வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
ஏற்பாட்டுக் குழுவினர்,
பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டம்